மண்ணுக்குள் ஒரு நண்பன்: புள்ளி அரணை

பற்றை மண்டிய காணியைத் துப்புரவு செய்யும்போதும், கொட்டில் போட நிலத்தை வெட்டும்போதும், கூட்டெருக் குவியலைப் புரட்டும்போதும் பளபளப்பான சிறு பிராணியொன்று நெளிந்து ஓடுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். "பாம்புக்குட்டி!" என்று ஒருவர் சத்தமிட்டதும் மண்வெட்டி ஓங்கப்படும். அவ்வாறு அடிபட்டுச் சாவது பல வேளைகளில் ஒரு தீங்கும் செய்யாத புள்ளி அரணையே.

தோற்றம்

வால் உட்பட இது ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்டது. உடல் மெலிந்து நீண்டது. முதுகு வெண்கல நிறம். செதில்களிலுள்ள கரும்புள்ளிகள் கோடு கோடாகத் தோன்றும். இரு பக்கமும் வெளிர்மஞ்சட் கோடு ஓடும். குஞ்சுகளின் வால் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்டே பலர் நஞ்சுள்ளதென அஞ்சுகின்றனர்.

இதன் உடலமைப்பு மண்ணுக்கென்றே ஆனது. ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட வழுவழுப்பான செதில்களில் மண் ஒட்டாது. கால்கள் மிகக் குறுகியவை. நெளிந்து செல்கையில் அவை இடைஞ்சலாக இரா. கீழ் இமையில் கண்ணாடி போன்ற ஒரு பகுதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டே, மண் விழாமற் பார்க்க அது உதவுகின்றது.

வாழிடமும் பழக்கமும்

இளகிய மண், உக்கிய மரக்குற்றி, கல்லின் அடி, இலைச்சருகு ஆகியனவே இதன் இருப்பிடம். கறையான், வண்டுகள், புழுக்கள் முதலியவற்றை உண்ணும். ஈரப்பதனுள்ள மண்ணில் முட்டையிடும். எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிவிடும். கழன்ற வால் துடிக்க, எதிரி அதைப் பார்த்திருக்கும் வேளையில் அரணை தப்பிவிடும். பின்னர் புதிய வால் வளரும்.

"அரணை கடித்தால் மரணம்" என்பது நம்மவரிடையே வழங்கும் பேச்சு. அதில் உண்மையில்லை. அரணைக்கு நஞ்சும் இல்லை, நச்சுப்பல்லும் இல்லை.

பாம்பா, அரணையா?

கால் இருந்தால் அது பாம்பல்ல. கண்ணை இமைத்தாலும் பாம்பல்ல; பாம்புக்கு இமை கிடையாது. ஆயினும் கால் இல்லாததெல்லாம் பாம்பு என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் மாத்திரம் வாழும் நெசியா என்னும் அரணை வகையில் சில இனங்களுக்குக் கால்களே இல்லை. ஓரினத்துக்குப் பின்கால்கள் மட்டுமே உண்டு.

எனவே, இன்னதென்று தெரியாத எதையும் கையால் தொடாதிருப்போம். சுருட்டையும் புடையனும் நமது காணிகளில் உண்டு. இருளிலோ பற்றைக்குள்ளோ ஏதேனும் கடித்தால், "அரணையாக இருக்கும்" என்று எண்ணித் தாமதியாது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

- சருகைக் கொளுத்தாது கூட்டெருவாக்குவோம். தீ வைத்தால் அரணையோடு மண்புழுவும் அழியும்.
- குவியலை ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறுவோம். உயிர்கள் விலகிச் செல்ல அவகாசம் கிடைக்கும்.
- முட்டைகள் வெளிப்பட்டால் மீண்டும் மண்ணால் மூடிவிடுவோம்.
- வீட்டு வாசலையும் படுக்கும் இடத்தையும் துப்புரவாக வைத்து, வேலியோரத்தில் சிறிது சருகை விட்டுவைப்போம்.
- கிருமிநாசினியைத் தேவைக்கு மேல் தெளியாதிருப்போம். பூச்சி செத்தால் அதை உண்ணும் பிராணிக்கும் உணவில்லை.

அரணை மட்டும் நமது பயிரைக் காத்துவிடாது. ஆனால் அது உலாவும் மண்ணில் அதற்கு இரையாகும் உயிர்களும், ஈரமும், உக்கலும் இருக்கின்றன. நீண்ட காலம் கைவிடப்பட்டிருந்த காணியில் மீண்டும் விதைக்கப் போகும் நமக்கு அது நல்ல செய்தியே. மண்வெட்டியை ஓங்குமுன் ஒரு கணம் பொறுத்து, கால் தெரிகின்றதா என்று பார்ப்போம்.