கண்ணீர் வடிந்தாலும் கண் உலர்ந்திருக்கலாம்

"கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது, வண்டியில் சென்றால் நீர் கொட்டுகிறது." ஆர்.எஸ்.புரத்தில் உள்ள எங்கள் கண் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் பலர் இவ்வாறு கூறுகின்றனர். பரிசோதித்தபின், "உங்கள் கண் உலர்ந்திருக்கிறது" என்று நாங்கள் சொன்னால் அவர்கள் வியப்படைகின்றனர். நீர் வடியும் கண் எவ்வாறு உலர்ந்த கண்ணாகும் என்ற கேள்வி நியாயமானதே.

கண்ணீர் வெறும் நீரன்று

கருவிழியின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதில் சளிப்பொருள், நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் உள்ளன. சளிப்பொருள் படலத்தைக் கண்ணோடு ஒட்டவைக்கிறது. நீர் கண்ணை ஈரமாக வைக்கிறது. மேலே பரவும் எண்ணெய், நீர் ஆவியாகாமல் காக்கிறது. இந்த எண்ணெயை இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள் தருகின்றன.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் படலம் விரைவில் உடைந்து, கருவிழியின் நரம்புகள் எரிச்சலடைகின்றன. உடனே கண்ணீர்ச் சுரப்பி மிகுதியாக நீரைச் சுரக்கிறது. அந்நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. நீர் வடிந்தும் கண் உலர்ந்திருப்பது இதனால்தான்.

காரணங்கள்

கண்ணீர் குறைவாகச் சுரப்பது ஒரு வகை. சுரந்த நீர் விரைவில் ஆவியாவது மற்றொரு வகை. இரண்டாம் வகையே மிகுதி. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

இயல்பாக நாம் நிமிடத்திற்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். கணினியையோ கைப்பேசியையோ உற்றுநோக்கும்போது இது பாதிக்கும் கீழே குறையக்கூடும். நகைப் பட்டறையிலும் தையல் எந்திரத்தின் முன்னும் நுணுக்க வேலை செய்வோர்க்கும் இதே நிலைதான். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவைக்குள் வீசும் பலத்த காற்றும், குளிரூட்டிய கடைகளில் நாள் முழுதும் நிற்பதும் கண்ணீரை ஆவியாக்குகின்றன. பஞ்சுத் தூசி எரிச்சலைக் கூட்டுகிறது.

முதுமை, மாதவிடாய் நிற்றல், நீரிழிவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் கண்ணீரைக் குறைக்கும். எனினும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது. கண்ணோடு வாயும் உலர்ந்து மூட்டுவலியும் இருந்தால், ஸ்யோகிரன் நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 1933ஆம் ஆண்டு இந்நோயை விரிவாக விளக்கிய சுவீடன் கண் மருத்துவரின் பெயரே அதற்கு வழங்குகிறது.

பரிசோதனைகள்

கீழிமையின் ஓரத்தில் சிறு காகிதப் பட்டையை வைத்து, 5 நிமிடங்களில் அது எவ்வளவு நனைகிறது என்று அளப்பது ஷர்மர் சோதனை. 5 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ நனைந்தால் சுரப்பு மிகக் குறைவு என்று கொள்கிறோம். மற்றொன்றில் கண்ணில் சாயமிட்டு, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று காண்கிறோம். 10 நொடிக்குள் உடைவது பொதுவாகக் குறைபாட்டைக் காட்டும். இரண்டும் வலியற்றவை.

சிகிச்சை

எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைகள்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மீண்டும் நனைக்கவும். பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மென்மையாக நீவிவிட வேண்டும்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை நாளொன்றுக்கு 4 முறைக்கு மேல் இடவேண்டியோர்க்குப் பதப்பொருள் கலவாத வகையே ஏற்றது. அழற்சி இருந்தால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து தரப்படும். அதன் பயன் தெரியச் சில வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடி, உள்ள நீரைக் கண்ணிலேயே தங்கவைப்பதும் உண்டு.

தாமாக மருந்து வாங்க வேண்டாம்

எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுவே. சிவந்த கண்ணுக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். போட்டவுடன் எரிச்சல் அடங்குவதால் பலர் மாதக்கணக்கில் தொடர்கின்றனர். அதற்குள் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு சிதையலாம், கண்புரையும் வரலாம். அறுவைச் சிகிச்சையால் கண்புரையை நீக்கலாம். சிதைந்த நரம்பை மீட்க வழியில்லை. இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுவதும் கருவிழிப் புண்ணுக்கு வழிவகுக்கும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

முதியோரோ முகவாதம் கண்டவரோ உறங்கும்போது இமைகள் முழுமையாக மூடுகின்றனவா என்று பாருங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதவாறு கட்டிலை நகர்த்துங்கள். திரை முன் அமர்வோரை 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ளதை 20 நொடி நோக்கி, முழுமையாக இமைக்கச் சொல்லுங்கள். இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடட்டும்.

கடும் வலி, ஒளியைக் காணக் கூசுதல், பார்வை திடீரென மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காணுங்கள். மற்றவர்கள் வசதியான நாளில் வரலாம். வரும்போது, உண்ணும் மாத்திரைகளையும் இடும் சொட்டு மருந்துகளையும் தவறாமல் கையோடு எடுத்து வாருங்கள். உலர்ச்சிக்கான காரணம் பலவேளைகளில் அந்தப் பையிலேயே கிடைத்துவிடும்.