பழைய பேஸ் கிட்டார்: வாங்கலும் விற்றலும் சீரமைப்பும்

பேஸ் கிட்டார் என்பது மெல்லிசைக் குழுக்களில் கீழ்ச்சுருதிப் பகுதியை வாசிக்கப் பயன்படும் மின் நரம்பிசைக் கருவியாகும். பெரும்பாலும் நான்கு தந்திகள் கொண்டது. இவை தடித்த தந்தியிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களில் கூட்டப்படுகின்றன. தடித்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. சாதாரண கிட்டாரின் ஈ தந்தியைவிட இது ஒரு ஸ்தாயி கீழே உள்ளது. பொழுதுபோக்காக வாசிப்பவர்களிடையே இக்கருவிகள் அடிக்கடி கைமாறுகின்றன. ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குவதும், வாங்கியதைத் தாமே சீர் செய்துகொள்வதும் இப்பழக்கத்தின் பகுதிகளாகும்.

கைமாறுவதற்கான காரணம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் 1930-களிலேயே மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் பரவலாக விற்பனையானது லியோ ஃபென்டர் கலிஃபோர்னியாவில் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் ஆகும். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. இவ்விரண்டிலும் கழுத்துப் பகுதி உடலோடு நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டது. நம் ஒட்டு வீணையைப் போலப் பகுதிகள் தனித்தனியே செய்யப்பட்டுப் பின் இணைக்கப்பட்டவை இவை. பசைக்குப் பதில் திருகாணி என்பதே வேறுபாடு. இதனால் பழுதான பகுதியை மட்டும் மாற்ற முடிகின்றது. ஏமாற்றுவதும் இதனாலேயே எளிதாகின்றது. பழைய கழுத்தைப் புதிய உடலில் பொருத்தி, முழுக்கருவியும் பழையது என்று விற்பவர்கள் உண்டு.

ஃபென்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்யப்பட்டவை என்றால் சேகரிப்போர் பெரும்பணம் தருகின்றனர். கற்கும் மாணவருக்கு அத்தகைய கருவி தேவையே இல்லை. ஸ்குயர், யமஹா, ஐபனீஸ் ஆகியவற்றின் தொடக்கநிலைக் கருவிகளே போதும். புதிய கருவி கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கிவிடுகின்றது. பிறர் வாங்கி இறக்கிய விலையில் பெறுபவர், பழுதில்லாமல் வைத்திருந்தால், பின்னாளில் பெரிய இழப்பின்றி விற்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு இணையான விசையுடன் அதை இழுக்கின்றன. இந்த இழுப்பைச் சமன் செய்வதற்காகக் கழுத்தினுள் டிரஸ் ராடு என்னும் எஃகுத் தண்டு ஓடுகின்றது. கருவியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கழுத்தின் நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும். முன்பக்கமாகச் சிறிது வளைந்திருப்பது இயல்பே. அதை டிரஸ் ராடால் சரி செய்யலாம். கயிறு முறுக்கியதுபோல் ஒருபக்கம் திருகியிருந்தால் அது வேறு. அத்தகைய கருவியை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்காதிருப்பதே நலம்.

டிரஸ் ராடு திரும்புகின்றதா என்பதை விற்பவரின் இசைவு பெற்றுச் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே முழுதும் இறுக்கப்பட்டு, இனித் திரும்ப இடமில்லாத தண்டு, வெளியில் தெரியாத பெரும்பழுதாகும். பளபளக்கும் உடலைப் பார்த்து மயங்கும் இளைஞர்கள் இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகின்றனர். மாதக்கணக்கில் சேர்த்த பணம் இந்த ஓர் ஆணியில் போய்விடக்கூடும்.

அடுத்து மெட்டுகள். தந்தி அழுந்தும் இடங்களில் பள்ளம் விழுந்திருந்தால் அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பள்ளம் ஆழமானால் மெட்டுகளையே மாற்ற வேண்டும். விலை மலிந்த கருவிக்கு அந்தச் செலவு கட்டாது. ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது தூசுதான். அதைக் காட்டி விலையைச் சற்றுக் குறைக்கச் சொல்லலாமே தவிர, அஞ்ச வேண்டியதில்லை. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ரீங்காரம் கேட்கும். இரண்டையும் சமமாகத் திறந்தால் குறையும். இது அதன் அமைப்பு, பழுதன்று. 9 வோல்ட் மின்கலம் உள்ள கருவி ஊமையாக இருந்தால் முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காத நேரத்திலும் மின்கலம் தீர்ந்துவிடும்.

கருவியைத் தோளில் மாட்டிப் பத்து நிமிடமாவது நின்று வாசிக்க வேண்டும். நான்கரைக் கிலோவுக்கு மேற்பட்டது முதுகுக்கு ஆகாது. சில கருவிகளில் தலைப்பகுதி தானாகக் கீழே சாயும். இடக்கை சுரம் பிடிப்பதை விட்டுக் கழுத்தைத் தாங்கும் வேலையைச் செய்ய நேரும்.

களவும் மரமும்

வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பல கோணங்களில் படம் எடுத்து வைப்பது எல்லோர்க்கும் நன்று. ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் ஜாஸ் பேஸ் 1986-இல் களவு போயிற்று. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். கருவி 2006-இல்தான் நியூயார்க் கடையொன்றில் வெளிப்பட்டது. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-இல் இலண்டனில் வண்டியிலிருந்து திருடப்பட்டது. அது கிடைத்துவிட்ட செய்தி 2024-இல் வெளியாயிற்று. விற்பவர் கருவி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிட வேண்டும்.

விரல் பலகைக்கு ஈட்டி இனத்து மரங்கள் பயன்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் நம் ஈட்டியும் அவற்றுள் ஒன்று. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2017 ஜனவரியில் அவ்வினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், பழைய கிட்டாரை வெளிநாட்டுக்கு அனுப்பவும் சான்றிதழ் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

சீரமைப்பு

சீரமைப்பை ஓர் ஒழுங்கில் செய்ய வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு படியும் அடுத்ததை மாற்றுகின்றது. முதலில் புதுத் தந்திகளைக் கட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். பழைய தந்தியில் சீரமைத்துவிட்டுப் பிறகு புதியதைக் கட்டுவது, சட்டையைத் தைத்த பின் அளவெடுப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்துக் கழுத்தின் வளைவு. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திக்கொண்டு, எட்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள இடைவெளியை, மோட்டார்ப் பட்டறைகளில் பயன்படும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஃபென்டர் கருவிகளுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் போதுமானது. அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். குறைவாக இருந்தால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியபின் மீண்டும் சுருதி சேர்த்து, மரம் அமைதிகொள்ளச் சிறிது நேரம் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். அவசரக்காரர்களிடம்தான் தண்டுகள் முறிகின்றன.

மூன்றாவது தந்தியின் உயரம். பதினேழாம் மெட்டின் மேல் ஈ தந்தி 2.4 மில்லிமீட்டர், ஜி தந்தி 2 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. அழுத்தி வாசிப்பவர்கள் இன்னும் சிறிது உயர்த்திக்கொள்வர். மிகத் தாழ்த்தினால் தந்தி மெட்டுகளில் உரசி இரைச்சல் எழும்.

பின்னர் மெட்டுச் சுருதி. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுப்புள்ளியாகும். ஆனால் தந்தியை அழுத்தும்போது அது சிறிது இழுபடுவதால் சுரம் சற்று ஏறிவிடும். இதை ஈடுசெய்யக் குதிரையிலுள்ள சேடில்களை நகர்த்தலாம். அவ்விடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னோக்கி. இது பள்ளியில் படித்த தந்தி அதிர்வு விதியின் நேரடிப் பயன்பாடே.

தந்திகளின் விலை அதிகம் என்பதால், ஒலி மங்கிய பழைய தந்திகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து மீண்டும் கட்டுவோரும் உண்டு. அழுக்கு நீங்கி, சில நாள்களுக்கு ஒலி தெளியும்.

ஒலிபெருக்கி

அமெரிக்காவில் வாங்கிய ஒலிபெருக்கி 120 வோல்ட்டுக்கும், ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட்டுக்கும் உரியது. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட் மின்சாரம் வருகின்றது. மின்னழுத்தத்தைப் பார்க்காமல் செருகினால் கருவி கருகிவிடும். வெளிநாட்டு உறவினர் அன்பாகக் கொண்டுவந்து தரும் பெட்டிகளுக்கு இது முக்கியமானது. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஒலிபெருக்கி அதைத் தாங்குமா என்று பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். வால்வு ஒலிபெருக்கியை மட்டும் தாமே திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

விற்பவர் கவனத்துக்கு

பிறர் கேட்கும் விலையை வைத்து மதிப்பிடக் கூடாது. உண்மையில் விற்றுப்போன விலையே கணக்கு. கீறலையும் மாற்றிய பகுதிகளையும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். கழற்றிய அசல் பிக்கப், திருகாணி முதலியவற்றைத் தூக்கி எறியாமல் கருவியுடன் தந்தால் மதிப்புக் கூடும். தொலைவுக்கு அனுப்பும்போது தந்திகளைச் சிறிது தளர்த்தி, தலைப்பகுதியின் அடியிலும் இருபுறமும் அசையாதபடி பஞ்சோ தாளோ அடைக்க வேண்டும். பெட்டி தவறி விழுந்தால் முதலில் முறிவது அப்பகுதியே.