காற்புள்ளியின் கடமை

பண்டை ஓலைச்சுவடிகளிற் காற்புள்ளி இல்லை. எச்சமும் உம்மையும் வேற்றுமையுருபுமே பொருளைப் பிரித்துக் காட்டின. ஆங்கிலத்திலோ அப்பணியிற் பெரும்பங்கு காற்புள்ளிக்குரியது. அதனை மூச்சு விடும் இடமென்று மட்டும் எண்ணுதல் பிழை.

கும்மிடிப்பூண்டி ஆலையொன்றில், "இரவில் உழைக்கும் தொழிலாளர்க்குப் படி உண்டு" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பதாகக் கொள்வோம். 'ஹூ' எனத் தொடங்கும் அடைத்தொடரின் இருபுறமும் காற்புள்ளியிட்டால், தொழிலாளர் அனைவரும் இரவில் உழைப்பவர், அனைவர்க்கும் படியுண்டு என்று பொருள்படும். இடாவிடின், இரவில் உழைப்பார்க்கு மட்டுமே அஃது உரியதாகும்.

அமெரிக்க நாட்டு மேய்ன் மாநிலச் சட்டமொன்றிற் காற்புள்ளி இல்லாமையாற் பொருள் ஐயுறப்பட்டது. மிகைநேர ஊதியங் கேட்டு வழக்காடிய பால் வண்டியோட்டிகளுக்கு 50 இலட்சம் டாலர் அளிக்க 2018 இல் உடன்பாடாயிற்று.

உழைப்பவன் கூலியே ஒரு புள்ளியில் அடங்குமெனின், அன்பர்காள், அதனைக் கற்றல் சிறுபணியாகுமோ?