பிள்ளை வரமும் பெற்றோர் விருப்பமும்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வருவோரில் புத்திர பாக்கியம் வேண்டி வருவோர் ஒருகாலும் குறைந்ததில்லை. 1960-ல் இவ்வூர் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறிற்று. தெலுங்கிலும் தமிழிலும் செய்யப்படும் பிரார்த்தனை மாறவில்லை. ஆண்மக்களையே பெற்ற வேடராஜன் நம்பி, பெண்ணொன்று வேண்டுமென்று ஏங்கி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுத்த குழந்தையே இம்மலை நாயகனின் தேவி என்பதைப் பக்தர்கள் மறந்துவிடுகின்றனர் போலும்!

பிரார்த்தனையை நாம் குறை கூறவில்லை. வேண்டுவோர், கொடுக்கும் உரிமையை வேறொருவரிடம் விட்டுவிடுகின்றனர். தாமே தெரிந்தெடுப்பது வேறு விஷயம்.

சிசுவின் பாலைக் கருவிலே சோதித்தறிவதைத் தடுக்க ஏற்பட்ட 1994-ம் வருஷத்துச் சட்டம், 2003 முதல், கருத்தரிக்கு முன்பே பாலைத் தெரிந்தெடுப்பதையும் தடுக்கிறது. இரண்டு பெண்களைப் பெற்ற தம்பதிகள் இத்தடையை ஆட்சேபித்துப் பம்பாய் ஹைகோர்ட்டை அணுகினர். தங்கள் பெண்களுக்குத் தம்பியொருவன் துணை வேண்டும், குடும்பத்தில் சமநிலை வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2007-ல் கோர்ட்டார் அதைத் தள்ளிவிட்டனர்.

இங்கே கொலையில்லை, கருச்சிதைவும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வக்கீல் தொழிலில் பழகிய நாம் இவ்வாதத்தை அற்பமென்று ஒதுக்க மாட்டோம். ஆனால் மூன்று ஆண்களைப் பெற்றவர் எவரும் சமநிலை கோரிக் கோர்ட்டுப் படியேறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. தராசு எப்பொழுதும் ஒரு பக்கமே சாய்கிறது. 2001-ம் வருஷத்து ஜனகணிதப்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண்கள் ஆயிரத்துக்குப் பெண்கள் தேசமெங்கும் 927. நமது சேலம் ஜில்லாவிலோ 851. பெண்சிசுவைக் கொல்லாமல் கொண்டுவந்து விடுங்கள் என்று சர்க்காரே 1992-ல் தொட்டில் வைக்க நேர்ந்த ஜில்லா அது! இவ்வளவு பேரும் தனித்தனியே தங்கள் சுதந்திரத்தைத்தான் உபயோகித்தனர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதன் 24-வது பிரிவின்படி, பாலறியும் சோதனைக்குட்பட்ட கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ நிர்ப்பந்தித்ததாகவே கோர்ட்டார் அனுமானிக்க வேண்டும்; இல்லையென்போர்தாம் ருசுப்படுத்த வேண்டும். ஸ்திரீயின் சம்மதத்தை இவ்வளவு சந்தேகத்துடன் நோக்கும் பிரிவுகள் நமது சட்டப் புத்தகங்களில் அதிகமில்லை. பெற்றோர் விருப்பமென்று பன்மையில் பேசும் நண்பர்கள் அதை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.