வேனுக்குள் கேஸ் கீசர்... வெந்நீர் கிடைக்கும், ஆனால் என்னவெல்லாம் கூடவே வரும் தெரியுமா?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் புள்ளலூர் சின்ன ஊர்தான். ஆனால், சரித்திரப் புத்தகங்களில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, கர்னல் வில்லியம் பெய்லி தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கேதான் வளைத்துப் பிடித்தார்கள். சண்டையின் நடுவே கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதன்பிறகு பெய்லியின் படையால் நிமிரவே முடியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக் சுவரில், அந்த வண்டி வெடிக்கும் காட்சியை இன்றைக்கும் ஓவியமாகப் பார்க்கலாம்.

எதிரி சுடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் வண்டியிலேயே தீப்பிடிக்கும் பொருளை ஏற்றிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு அந்த ஓவியம் ஒரு சாட்சி.

இப்போது அந்தப் பாடம் எதற்கு என்கிறீர்களா? இந்தக் காலத்திலும் அப்படி ஒரு வண்டியைத் தெரியாமலே தயார் செய்துவிட முடியும் என்பதால்தான்!

கண்ணாடி கழுவும் குட்டி யானை

புள்ளலூருக்குக் கிழக்கே இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். 2000-ம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடித் தொழிற்சாலை இயங்கும் ஊர். சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள், ஷோரூம்கள், அடுக்குமாடிகள் என எங்கு பார்த்தாலும் கண்ணாடி முகப்பு. கண்ணாடி இருந்தால் தூசி இருக்கும். தூசி இருந்தால் கழுவுகிறவர்களுக்கு வேலை இருக்கும்.

வீட்டு வாசலுக்கே வந்து கார் கழுவித் தரும் வேன்கள் இப்போது சகஜமாகிவிட்டன. அதே பாணியில் ஜன்னல், சோலார் பேனல் என்று எதையும் கழுவித் தரலாம். ஒரு குட்டி யானை அல்லது ஆம்னி மாதிரி வேன், பின்னால் ஒரு தண்ணீர் டேங்க், ஒரு பம்பு, நீளமான ஹோஸ், நுனியில் பிரஷ் வைத்த கம்பு. குறைந்த முதலீட்டில் ஆரம்பிக்கக்கூடிய தொழில் என்பதால் இளைஞர்களுக்கு இதில் ஒரு கண்.

பறவை எச்சம், சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, வாகனப் புகைப் படிவு போன்றவை பச்சைத் தண்ணீரில் லேசில் போகாது. 'வெந்நீர் இருந்தால் சட்டென்று வேலை முடியுமே' என்று தோன்றுவது இயல்பு. வீட்டுக் குளியலறையில் மாட்டுகிற கேஸ் கீசர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பற்றவைக்க பேட்டரி செல் போதும், கரன்ட் வேண்டாம். ஒரு சிலிண்டரோடு சேர்த்து வேனுக்குள் மாட்டிவிட்டால் போகிற இடமெல்லாம் வெந்நீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் எப்படிச் செய்கிறார்கள்?

வேனில் வெந்நீர் என்பது புதிய யோசனை இல்லை. பிரிட்டனில் ஜன்னல் கழுவுவது ஒரு தனித் தொழில். 2005-ல் உயரத்தில் நின்று செய்யும் வேலைகளுக்கான பாதுகாப்பு விதிகள் அங்கே வந்தபிறகு, ஏணியில் ஏறுவதைக் குறைத்து, தரையில் நின்றபடியே நீளக் கம்பால் கழுவும் முறை பரவியது. அந்த ஊர்க் குளிரில் கை விறைக்கும், ஹோஸ் கெட்டித்துப் போகும். அதனால் வேனிலேயே தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கினார்கள்.

ஆனால், குளியலறை கீசரை அப்படியே தூக்கி வேனில் மாட்டுவது பாதுகாப்பான முறை ஆகாது. காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் குழாய் வழியே வெளியிலேயே தள்ளும் மூடிய வகை ஹீட்டர்கள் இருக்கின்றன. கேஸ் சிலிண்டருக்குத் தனி அடைப்பு வைத்து, கசியும் கேஸ் வேனுக்குள் வராமல் நேரே தரைப் பக்கம் வெளியேற அடியில் திறப்பும் விடுகிறார்கள். 'ஹீட்டர்' என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சாதனங்கள்.

கால் மணி நேரக் கணக்கு

வீட்டு கேஸ் கீசர், அது இருக்கும் அறையின் காற்றையே எடுத்துக்கொண்டு எரியும். வேனுக்குள் வைத்தால் என்ன ஆகும்?

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி அளவுக்குச் சூடாக்க, மணிக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ கேஸ் செலவாகும். 1 கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். சின்ன மூடிய வேனின் பின்பகுதியில் இருப்பதோ 2 முதல் 3 கன மீட்டர் காற்றுதான். கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டால், கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் கணக்குக்குத் தீர்ந்துவிடும்.

உண்மையில் அதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடும். காற்று குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். இதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம்... 'வெயில்ல நின்னதுதான் காரணம்' என்று நினைத்து வேனுக்குள் போய் உட்கார்ந்தால், எழுந்திருக்கவே முடியாமல் போகலாம்.

2023 மார்ச்சில், ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன ஒரு தம்பதி, டெல்லி அருகே காசியாபாத் மாவட்டத்தில் குளியலறையிலேயே இறந்துகிடந்தார்கள். கேஸ் கீசர் புகைதான் காரணமாக இருக்கும் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. குளியலறையைவிட வேன் இன்னும் சின்னப் பெட்டி!

ஒரு டம்ளர் போதும்

அடுத்தது கசிவு. எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வேனின் தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கீழே தேங்கியது அவ்வளவு எளிதில் போகாது. காற்றில் 2 சதவிகித அளவுக்குக் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும்.

திரவமாக இருக்கும் கேஸ் ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும். அந்தக் கணக்கில், சிலிண்டருக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு டம்ளர் அளவு கசிந்தாலே ஒரு சின்ன வேன் முழுக்க 2 சதவிகிதம் நிரம்பிவிடும். பம்பு ஸ்விட்ச், பேட்டரி முனை, செல்போன் சார்ஜர் என்று பொறி கிளம்ப வேனுக்குள் இடங்களுக்கா பஞ்சம்?

வீட்டுச் சுவர் அசையாது. வேன் குலுங்கிக்கொண்டே ஓடும். அசையாத இடத்துக்காகச் செய்த ரெகுலேட்டர், ரப்பர் ட்யூப், கிளிப், கீசருக்குள் இருக்கும் செப்புக் குழாய் இணைப்பு எல்லாம் நம் ஊர்ச் சாலைப் பள்ளங்களில் நாளுக்கு நாள் தளரும்.

மதுரையை மறக்க முடியுமா?

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்திருந்த பயணிகளில் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரே காரணம் என்று ரயில்வே அறிவித்தது. நின்றுகொண்டிருந்த வண்டி, மூடிய பெட்டி, ஒரு சிலிண்டர், கொஞ்சம் சூடு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2000-ம் ஆண்டின் எல்.பி.ஜி விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். தொழிலுக்கென்றால் 19 கிலோ மாதிரியான வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவான விவரத்திலிருந்து மாறும்படி வண்டியில் நாமே மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. விபத்து நடந்துவிட்டால், அனுமதி இல்லாத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு அதிகம். ஐ.எஸ். 15558 முத்திரை இருக்கிறதே என்று கேட்கலாம். அது வீட்டு கேஸ் கீசருக்கான தரம். ஓடும் வண்டிக்கு அது உத்தரவாதம் கிடையாது.

சரி, வெந்நீருக்கு வேறு வழி?

முதலில் ஒரு கேள்வி. நம் ஊருக்கு வெந்நீர் எப்போதும் தேவைதானா? மதிய வெயிலில் மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடுகிறது. சாதாரணத் தூசிக்கு அந்தச் சூடே அதிகம். எச்சத்தைச் சில நிமிடங்கள் ஊறவைத்தால் பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். தவிர, சாதாரணக் கண்ணாடி சுமார் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்திலேயே விரிசல் விடக்கூடும். ஏ.சி அறையின் குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீரை அடித்தால், கழுவப் போன இடத்தில் கண்ணாடிக்கு விலை கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

வெந்நீர் கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்குச் சில வழிகள்:

* வீட்டில் சூடாக்கி எடுத்துப் போகலாம்: மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் போதும். காலையில் வெந்நீரை, தெர்மாகோல் சுற்றிய டேங்கில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். கரன்ட்டில் சூடாக்கினாலும் 200 லிட்டரை 25 டிகிரி உயர்த்த சுமார் 6 யூனிட்தான் ஆகும்.

* வாடிக்கையாளர் இடத்துக் கரன்ட்: கம்பு பிரஷ்ஷுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே அதை ஏறக்குறைய 20 டிகிரி சூடாக்கிவிடும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் மூன்றும் கட்டாயம்.

* தண்ணீரை மாற்றிப் பாருங்கள்: பல நேரம் கண்ணாடியில் தெரியும் வெள்ளைத் திட்டு அழுக்கே இல்லை, போர் தண்ணீரின் உப்பு. ஆர்.ஓ-வும் அதன்பின் ஒரு ரெசின் ஃபில்டரும் வைத்து உப்பை எடுத்துவிட்டால், துடைக்காமலே கண்ணாடி காய்ந்து பளிச்சென்று ஆகும். சூட்டைவிட இது அதிகப் பலன் தரும். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் ஹீட்டர் குழாய்தான் அடைத்துக்கொள்ளும்.

* நேரத்தை மாற்றுங்கள்: உச்சி வெயிலில் கழுவினால் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து கறை படியும். காலையும் மாலையும்தான் நல்ல நேரம்.

இன்னொன்று... 1,000 லிட்டர் டேங்க் வைத்தால் தண்ணீர் மட்டுமே 1 டன். குட்டி யானையின் கொள்ளளவு ஏறக்குறைய முக்கால் டன்தான். தண்ணீர் அலைபாயும்போது வளைவில் வண்டி சாயும் அபாயமும் உண்டு. டேங்க் அளவை முடிவு செய்யும் முன் ஆர்.சி புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா?

அப்படியென்றால் இன்றே சிலிண்டரைக் கழற்றி வேனுக்கு வெளியே எடுத்துவிடுங்கள். வேனில் கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கதவுகளை அகலத் திறந்துவிட்டு, எல்லோரும் தள்ளிப் போய் நின்ற பிறகு 1906-க்கு அழையுங்கள். நாடு முழுக்க கேஸ் கசிவுக்கான அவசர எண் அதுதான். 24 மணி நேரமும் வேலை செய்யும். வேனுக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் திறந்தவெளிக்கு இழுத்து வந்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்த இரண்டு எண்களையும் வேன் கதவின் உட்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள். வேலைக்கு வருகிற தம்பிகளுக்கும் சொல்லிவையுங்கள்.