கணினிக் கட்டளையை எங்கே பிரிப்பது?

'பலகை' என்ற சொல்லைப் பாருங்கள். சேர்த்துப் படித்தால் மரப்பலகை. பிரித்துப் படித்தால் 'பல கை', அதாவது நிறையக் கைகள். எழுத்துகள் அவையேதான், பிரிக்கும் இடம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது. பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. படிப்பவரே சரியான இடத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணினியின் நினைவகமும் அப்படிப்பட்ட ஒரு சுவடிதான். அதில் இருப்பவை 0 முதல் 255 வரையிலான எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் இடம். இந்த எண் வரிசையைக் கட்டளைகளாகப் பிரித்துப் படிப்பது கணினியின் மூளையான நுண்செயலி. (கைப்பேசியில் நாம் பதிவிறக்கும் 'செயலி' வேறு, இது வேறு.)

ஓர் எடுத்துக்காட்டு:

184 42 0 0 0

இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் நுண்செயலிகளுக்கு 184 என்றால், "அடுத்து வரும் எண்ணை எடுத்துக் குறிப்பிட்ட பதிவகத்தில் வை" என்று பொருள். அடுத்துள்ள நான்கு பைட்டுகள் சேர்ந்து 42 என்ற எண்ணைக் குறிக்கின்றன. ஆக, இந்தக் கட்டளையின் நீளம் 5 பைட்.

இனி இதற்கு முன்னால் 102 வந்தால், பின்னால் வரும் எண் 2 பைட்டாகச் சுருங்கும். கட்டளையின் மொத்த நீளம் 4 பைட். 102-க்குப் பதில் 72 வந்தால் அந்த எண் 8 பைட்டாக விரியும். மொத்தம் 10 பைட். அதே 72, பழைய 32-பிட் முறையில் தனியாகவே ஒரு முழுக் கட்டளை: "ஒன்றைக் கழி".

இந்த வகை நுண்செயலியில் ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். 1978-இல் வந்த இன்டெல் 8086 தொடங்கிப் பழைய நிரல்களைக் கைவிடாமல் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே வந்ததன் விளைவு இது. கைப்பேசிகளில் உள்ள 64-பிட் ஆர்ம் நுண்செயலிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் எல்லாக் கட்டளையும் 4 பைட்தான்.

கெர்னல் ஏன் படிக்க வேண்டும்?

நுண்செயலியே படித்துவிடும்போது வேறு யார் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலுக்குள்ளும் கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு நிரல் இருக்கிறது. 2009-இல் மசாமி ஹிராமட்சு உள்ளிட்ட பொறியாளர்கள் அதை எழுதினார்கள்.

அதன் தேவை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்தாமல், அதற்குள் என்ன நடக்கிறது என்று ஆராய ஒரு வழி உண்டு. ஒரு கட்டளையின் முதல் பைட்டை 204 என்று மாற்றுவார்கள். 204 என்றால் "நில்". நுண்செயலி அங்கே நிற்கும். கெர்னல் வேண்டிய விவரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு மூலக் கட்டளையின் நகலைச் செய்து முடித்துவிட்டு வேலை தொடரும். இதற்குக் கட்டளை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரு பைட் தவறினால் என்ன ஆகும்? மேலே உள்ள எடுத்துக்காட்டில் 184-க்குப் பதிலாக 42 இருந்த இடத்தில் 204 விழுந்துவிட்டது என்று வையுங்கள்:

184 204 0 0 0

நுண்செயலி நிற்காது. 204-ஐ வெறும் எண்ணாகவே படிக்கும். 42 இருக்க வேண்டிய பதிவகத்தில் 204 போய் உட்காரும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணினி நின்றுபோனால் நமக்குத் தெரியும். நிற்காமல் தவறான எண்ணோடு ஓடுவதுதான் அதைவிட ஆபத்து. அதனால்தான் 204-ஐ வைப்பதற்கு முன், கெர்னல் அந்தச் செயற்கூறின் தொடக்கத்திலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கேட்ட இடம் உண்மையிலேயே ஒரு கட்டளையின் தொடக்கமா என்று சரிபார்க்கிறது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

படிக்கும் நிரலே தவறாகப் படித்தால்? இதற்கு மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது, ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துவது போன்றது. ஆப்ஜ்டம்ப் என்பது வேறு குழுவினர் எழுதிய நிரல். அதுவும் கட்டளைகளைப் பிரிக்கும். முழுக் கெர்னலையும் அதனிடம் கொடுத்து, அது சொல்லும் ஒவ்வொரு நீளத்தையும் கெர்னலின் நிரல் சொல்லும் நீளத்தோடு ஒப்பிடுகிறார்கள். வேறுபட்டால் யாரோ ஒருவர் தவறு.

இரண்டாவது, குலுக்கல் முறையில் எடுத்த பத்து இலட்சம் எண் வரிசைகளைக் கொடுப்பது. அவற்றில் பல பொருளற்றவை. விடை சரியா என்று இங்கே பார்ப்பதில்லை. நிரல் எல்லை மீறி அடுத்த இடத்தைப் படித்துவிடுகிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். குலுக்கலின் தொடக்க எண்ணையும் குறித்துவைப்பதால், பிழை வந்தால் அதே சோதனையை மீண்டும் செய்யலாம். அறிவியல் கூடத்தில் நாம் வலியுறுத்தும் அதே விதிதான்.

முதல் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. கெர்னலில் வராத கட்டளையை அது தொடுவதே இல்லை. எனவே, புதிதாக வரும் கட்டளைகளை மட்டும் திரட்டிச் சோதிக்க மூன்றாவது சோதனை ஒன்று தனியாக உள்ளது.

ஓயாத வேலை

2011-இல் இன்டெல் ஏவிஎக்ஸ் என்ற புதிய கட்டளைகளைக் கொண்டுவந்தபோது, வேறு பொருளில் இருந்த 196, 197 ஆகிய எண்களையே அவற்றின் தொடக்கமாக்கியது. இப்படி மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்துவது கடினம். ஆகவே கட்டளைகளின் அட்டவணை தனியாக, மனிதர் படிக்கக்கூடிய உரைக்கோப்பாக வைக்கப்பட்டுள்ளது. அதில் வரிகளைச் சேர்த்தால் போதும்; நிரலுக்கு வேண்டிய பட்டியல் தானாக உருவாகும். ஆய்வுக் கருவிகளுக்காக இந்த நிரலின் இன்னொரு பிரதியும் இருக்கிறது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் எச்சரிக்கை வரும்.

மாணவர்களே, கணக்கைச் செய்த வழியிலேயே மறுபடி செய்து பார்த்தால், முதலில் செய்த தவறையே மறுபடி செய்ய வாய்ப்புண்டு. வேறொருவரோ வேறொரு வழியோதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. இதில் எத்தனை கட்டளைகள்?

102 184 7 0 184 42 0 0 0

விடை: இரண்டு. முதல் நான்கு பைட்டுகள் ஒன்று, அடுத்த ஐந்து பைட்டுகள் ஒன்று. 102-ஐக் கவனிக்காமல் விட்டவர்கள் இரண்டாவது 184-ஐ முதல் கட்டளையோடு சேர்த்து விழுங்கியிருப்பார்கள். 42 அவர்கள் கண்ணில் தனியாகப் பட்டிருக்கவே இருக்காது.