பெஞ்சில் கழிந்த ஒரு வருடம்

2018 ஜனவரி 8, அட்லாண்டா. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசிய இறுதி ஆட்டம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமா அணி திரும்பி வந்தபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடத்தில் வேறொரு பையன் நின்றான். முதலாண்டு மாணவன். கூடுதல் நேரத்தில் 41 கெஜ தூரம் அவன் எறிந்த பந்து, 26-23 என்று கோப்பையைக் கொண்டுவந்தது.

ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. என் கண் ஓரத்தில் நின்ற பழைய குவாட்டர்பேக் மேல்தான். டெக்சாஸ்காரர், பள்ளிக்கூட கோச் ஒருவரின் மகன், வயது 19. அந்த இரவையும் சேர்த்து அவர் ஆரம்பத்திலிருந்து இறங்கிய ஆட்டங்கள் 28, தோற்றவை இரண்டே. அப்படிப்பட்டவரைத்தான் பாதியில் உட்காரவைத்தார்கள்.

இன்றைக்கு இப்படி நடந்தால் பையன் அதிக நாள் தாங்கமாட்டான். கல்லூரி மாற விரும்புவோரின் பட்டியலான டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயர் ஏறிவிடும். அவர் போகவில்லை. அன்றைய விதிப்படி பட்டம் வாங்காமல் கல்லூரி மாறினால் ஒரு பருவம் ஆடாமல் இருக்க வேண்டும். பட்டத்தோடு போனால் உடனே ஆடலாம். ஒரு வருடம் பெஞ்சில் இருந்துகொண்டே படிப்பை முடித்தார். அந்த டிசம்பர் முதல் தேதி, அதே அட்லாண்டா, அதே ஜார்ஜியா, இம்முறை வட்டாரக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) இறுதி. ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது புது நாயகனுக்குக் கணுக்காலில் அடி. பெஞ்சிலிருந்து இறங்கியவர் ஒரு டச்டவுன் எறிந்தார், இன்னொன்றைத் தானே ஓடி எடுத்தார். 35-28. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். அதே மாதம் பட்டமும் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு ஓக்லஹோமா போனார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாமிடம்.

என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2021-ல் ஒருமுறை உட்காராமலே மாறலாம் என்றார்கள். 2024-ல் பாடங்களில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. நடுவே 2021 ஜூலையில் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதி. 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இரண்டு கோடி டாலருக்கும் மேல். கோச்சுகள் நினைத்தபோது அணி மாறுகிறார்களே, மாணவன் மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான்.

ஆனால் படிப்பு? ஒவ்வொரு முறை மாறும்போதும் முடித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய கல்லூரி கணக்கில் எடுப்பதில்லை. நான்கு ஆண்டில் மூன்று ஊர், மூன்று பாடத்திட்டம், மூன்று ஆட்டப் புத்தகம். தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையும் வாசலோ ஊசிக்காது. 2024-ல் முதல்நிலைக் கல்லூரி அணிகள் 134. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குவாட்டர்பேக்குகள். அந்த ஆண்டு தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்த 257 பேரில் குவாட்டர்பேக்குகள் 11. மற்றவர்கள் எந்தக் காகிதத்தோடு வேலை தேடுவார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. வசூல் பேசுகிறது, பட்டம் பேசுவதில்லை.

அந்த டெக்சாஸ்காரர் 2020-ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் 53-ஆவதாகத்தான் அழைக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் தொழில்முறை இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அவருடைய பிலடெல்பியா அணி வென்றபோது ஆட்டநாயகன் அவரே. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு செய்தி. 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுக்கு 25.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். அடுத்த மாதமே, விட்டுவந்த ஓக்லஹோமாவில் முதுகலைப் பட்டம் வாங்கினார்.